ஓரா பொரி நோபீசு

கப்பித்தான்துறையில சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிச்சா, வலை பொத்துறவன் ஊசிய வலையிலயே குத்தி வச்சிட்டு எந்திரிப்பான், கருவாடு காயப்போட்டவ சாக்க இழுத்து மூடிட்டு முந்தானையத் தலையில போடுவா, சண்ட போட்டுக்கிட்டிருந்த ரெண்டு பேரு விட்ட எடத்த ஞாபகம் வச்சிக்கிட்டுக் கைய எடுப்பாவ, எல்லாரும் வரிசையாப் போயி முழங்கால் போட்டு லத்தீன் பிரார்த்தன சொல்லுவாவ. உபதேசியார் இஞ்ஞாசி ஒவ்வொரு புனிதரு பேராக் கூப்பிடுவாரு, ஒவ்வொரு பேருக்கும் சனம் முழுக்க ஒரே வாயா "ஓரா பொரி நோபீசு"ன்னு பதில் குடுக்கும். எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்து எறங்குன போர்த்துகல் பாதிரி ஒருத்தரு சொல்லிக்குடுத்துட்டுப் போனது. அது 'ஓரா புரோ நோபிஸ்', எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு அர்த்தம்னு, பங்குக்கு வந்த சாமிமாரு அத்தன பேரும் திருத்திப் பாத்தாவ. சனம் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு மறுநாளும் ஓரா பொரின்னுதான் சொல்லும். ஓரான்னா அந்த ஊருல மீனு, பாறை இடுக்குல பாசி மேயுற, முள்ளு குத்துனா ஒரு பகலு முழுக்கக் கடுக்குற, மொசலு வாய் வச்ச மீனு. பொரின்னா பொரிக்கதுதான். இதுல திருத்தறதுக்கு என்ன இருக்கு?

மிச்சத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிச்சவ கித்தேரி. கருவாட்டுக்காரி. யாரு குரலும் அவ தொண்டையில வந்து உக்காரும். ஏலக்காரன் குரல்ல வெல சொல்லுவா, டவுன் பஸ் கண்டக்டரு குரல்ல கோழிய வெரட்டுவா. பெர்க்மான்ஸ் சாமி மூக்கால பிரசங்கம் வைக்கத அவரு சன்னலுக்கு வெளிய நின்னு அவ வச்சப்போ, உள்ள இட்லி தின்னுக்கிட்டிருந்த சாமி, நான் இங்கதான இருக்கேன்னு தன்னத் தானே தொட்டுப் பாத்துக்கிட்டாரு. கோயில் திருநாளைக்கி வயித்துல தலவாணி கட்டி, கோணிச் சாக்க அங்கியாப் போட்டு, பறங்கிப் பாதிரி வேஷம் கட்டுறது வருசா வருசம் அவதான்.

"மக்கா, நானு கப்பலு மேல ஆறு மாசம் பிஸ்கோத்து தின்னுது, வந்துது. நெத்தியில தண்ணி ஊத்துது, பாவம் போச்சுது. அதுக்கு நானு என்ன கேக்குது? ஓரா பொரி! நானு எத்தன காசு குடுக்குது? நோ பீசு!"

ஊரு சிரிச்சி உருளும். சாமி சிரிக்காத மாதிரி லேஞ்சிக் கைக்குட்டைய எடுத்து வாயப் பொத்துவாரு.

அவ எடுக்காத குரலு ஒண்ணே ஒண்ணுதான், அவ புருசன் சந்தியாகு குரலு. சந்தியாகு எதுக்கும் பிந்தி வர்ற ஆளு. கல்யாணத்தன்னைக்குப் பூச பாதி முடிஞ்ச பொறவு வேட்டியக் கட்டிக்கிட்டே ஓடி வந்தவன். பிரார்த்தனையிலயும் அப்படித்தான், ஊரே நோபீசுன்னு முடிச்சி மூச்சு எடுக்கையில, கடைசி பெஞ்சுல இருந்து, அடைச்ச தொண்டையில, "சு"ன்னு மட்டும் தனியா ஒண்ணு வந்து விழும், பொட்டப் புள்ளைய எல்லாம் குனிஞ்சி சிரிக்கும். போன வருசம் ஆடிக் காத்துல கடலுக்குப் போனான். நாலாம் நாளு வள்ளம் மட்டும் தானா வந்து கரை தட்டுச்சி, உள்ள அவன் தூக்குவாளி, கழுவித் தொடச்சி மூடி வச்சது வச்ச மேனிக்கி. சாகப் போறவன் தூக்குவாளியக் கழுவுவானான்னு கேட்டுச்சி பாதி ஊரு. கொச்சியில நீலச் சாரம் கட்டிக்கிட்டு ஒரு பொம்பள பக்கத்துல நின்னான், இந்தக் கண்ணால பாத்தேன்னான் ஐஸ் வண்டிக்காரன். கித்தேரி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. தாலியக் கழத்தல, வெள்ள உடுத்தல, கொச்சிக்கும் போவல. அவன் குரல மட்டும் எடுக்காம இருந்தா. எடுத்துட்டா, மிச்சம் அது ஒண்ணுதான்னு ஆயிருமோன்னு ஒரு பயம்.

அப்படி இருக்கையில ஐப்பசி மாசம் ஒரு செவ்வாக்கெழம, உபதேசியார் மாதா பேரக் கூப்பிட்டாரு, சனம் ஓரா பொரி நோபீசுன்னிச்சி, வாசப்பக்கம் இருக்க ஞானஸ்நானத் தொட்டியில "டொளுக்"னு ஒரு சத்தம். அது பாதிரியாரு கப்பல்ல கொண்டாந்த கல்லுத் தொட்டி, மேல மரமூடி, உள்ள ரெண்டு சாண் தண்ணி. அடுத்த பேரு, பதிலு, டொளுக். அடுத்த பேரு, டொளுக். பிரார்த்தன முடிஞ்சி மூடியத் தூக்குனா, எத்தன புனிதரோ அத்தன ஓரா, ஒண்ணு மேல ஒண்ணாக் கெடந்து மொசலு வாய அசைச்சிக்கிட்டிருந்துச்சி.

சாமி தண்ணிய எறச்சிப் பாத்தாரு. மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய அங்கிக்குள்ள வச்சிக்கிட்டாரு. காஞ்ச தொட்டியில, பூட்டுன மூடிக்குக் கீழ, மறுநாளும் டொளுக். மூணாம் நாளு சாமி பூட்டக் கழத்தி, தண்ணியும் ஊத்திட்டாரு, ஏன்னா மீனு நாறிப் போச்சின்னா அது வேற பாவம்.

ஒரு வாரத்துல ஊருக்கு அது பழகிப் போச்சி. மீனு வர்றதப் பத்தி யாரும் பேசல, எந்த மீனு யாருக்குன்னுதான் பேச்சு. ராயப்பரு மீனு நல்ல கனம். வலது கைய ரோமாபுரிக்கு வெட்டிக் குடுத்த சவேரியாரு மீனுக்கு வலப்பக்கத்துச் செறகு இருக்காது. லூசியம்மா மீனுக்குக் கண்ணு இருக்காது, ஆனாலும் தொட்டியச் சுத்துறவ பக்கம் பக்கமாத் திரும்பும். ஸ்நாபக அருளப்பரு தலையில்லாம வருவாரு. தோலுரிச்சிக் கொன்ன பர்த்தலமேயு தோலுரிச்சே வருவாரு, கழுவுற வேல மிச்சம்னு அவருக்கு ஏகப்பட்ட கிராக்கி. அடுப்புல வச்சி வாட்டுன லவுரேஞ்சியாரு பாதி வெந்தே வருவாரு.

"எனக்கு நேத்தும் தோமையாரு, இன்னைக்கும் தோமையாரா? எம் புள்ளைய என்ன பாவம் செஞ்சிது, ஒரு நாளைக்கி பர்த்தலமேயத் தாங்களேன்!"

"ஏளா, வாங்குனத வாங்கிட்டுப் போ. தலையில்லாத அருளப்பர வச்சி நேத்து நான் கொழம்பு வைக்கல?"

பேராயரு வீட்டுக்குச் சாமி எழுதிக் கேட்டாரு. ஒரு மாசம் கழிச்சிப் பதிலு வந்துச்சி: மீனை மீனாகவே கருதவும், ஆயினும் மரியாதையுடன் பொரிக்கவும்.

மரியாதையாத்தான் பொரிச்சாவ. ஆனாலும் எண்ணெயில போட்ட பொறவும் அந்த மீனுவ வாய் அசையும், ஏதோ முணுமுணுக்கத மாதிரி, ஒரு பக்கம் செவக்கத வரைக்கும் அசையும். அறுத்தா ரத்தம் வராது. முள்ளு குத்துனா கடுக்காது, குத்துன எடம் குளுந்து போவும், அவ்வளவுதான். பூன ஒண்ணு கூட அதத் தொடாது. பிரார்த்தன நேரத்துல ஊருப் பூன அத்தனையும் கோயில் வாசல்ல வந்து, கோயிலுக்கு முதுகக் காட்டி வரிசையா உக்காந்துக்கிட்டு, கடலையே பாத்துக்கிட்டிருக்கும். சனம் அதத் தாண்டிக் குதிச்சி உள்ள போவப் பழகிக்கிச்சி.

புருசன் பேருக்காரரு சந்தியாகப்பரு மீனு வந்தா மட்டும் கித்தேரி கைய நீட்ட மாட்டா. "எனக்கு வேண்டாம், அடுத்தவளுக்குக் குடுங்க"ன்னு கண்டக்டரு குரல்ல சொல்லி நவுந்துருவா.

பொறவு ஒரு நாளு, போன மாசம் செத்த கள்ளுக்குடியன் மிக்கேலு பேர, அவன் பொண்டாட்டி பொறுக்க மாட்டாம நடுவுல சத்தமாக் கூப்பிட்டுட்டா. சனமும் பழக்கத்துல பதிலு சொல்லிருச்சி. டொளுக். மூடியத் தூக்குனா நல்ல கொழுத்த ஓரா, குப்புனு கள்ளு வாட. அவ தரையில உக்காந்து, "பாவி மனுசா, போயிச் சேந்துட்டியா"ன்னு சிரிச்சி அழுதா.

அதுக்கப்புறம் யாரத் தடுக்க? அவனவன் செத்துப்போன அப்பன், ஆத்தா, சித்தப்பன்னு கூப்பிட ஆரம்பிச்சான். மீனு வந்தா ஆளு மோட்சத்துல. வராட்டி? வராட்டிப் பேச்சு மாத்திருவாவ. கோயிலுக்கு மணி குடுத்த கஸ்பாரு கர்வாலோ பேரன்மாரு கெட்டிக்காரனுவ, மொதல்ல மத்தியானத்துல யாருமில்லாம வந்து, உபதேசியாரத் தனியா வச்சிக்கிட்டுத் தாத்தன் பேரக் கூப்பிடச் சொன்னானுவ. தண்ணி அசையல. "ஊரு பதிலு சொல்லாட்டா வராது தம்பி, மாதாவுக்கே வராது, நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்"ன்னாரு உபதேசியார். சரின்னு சாயங்காலம் ஊரக் கூட்டி, பட்டுச்சட்ட போட்டுக் கூப்பிட்டானுவ. ஊரே தொண்ட கிழியப் பதிலு குடுத்துச்சி. ஒண்ணும் வரல. மறுநாளும் வரல. தாத்தா மோட்சத்துக்கு முன்னால பாவம் கழியுற உத்தரிக்கிற ஸ்தலத்துல வரிசையில நிக்காவ, நல்லவுகளுக்கு அங்க கூட்டம் அதிகம்னு சொல்லிட்டுப் போனவனுவதான், மணியக் கேக்கும்போதெல்லாம் காதப் பொத்திக்கிட்டானுவ.

கித்தேரிக்குப் பக்கத்து வீட்டுப் பவுலீனா கெழவி இன்னொரு வேல பாத்தா. எம்பது வயசு, முட்டு ரெண்டும் போச்சி, தெனமும் முன் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, பஸ்ஸு வந்துட்டுதான்னு எட்டிப் பாக்கவ மாதிரி, "இஞ்ஞாசி, எம் பேர ஒரு தரம் கூப்பிடும் பாப்போம்"பா. கூப்பிடுவாரு. ஊரு பதிலு சொல்லும். ஒண்ணும் வராது. "இன்னைக்கும் இல்லையா, சரி, போயிக் கஞ்சி வைக்கேன்"னு எந்திரிப்பா. எல்லாரும் சிரிப்பாவ. ஒரு வியாழக்கெழம கூப்பிட்டாரு, பதிலு சொன்னாவ, டொளுக். சிரிச்ச வாய் சிரிச்ச மேனிக்கி நிக்க, சனம் மெதுவாத் திரும்பிப் பாத்துச்சி. கெழவி உக்காந்துதான் இருந்தா, செபமால கையில இருந்துச்சி, கண்ணு தொட்டியப் பாத்தபடி இருந்துச்சி. அவ்வளவுதான். அந்த மீன யாரும் வீட்டுக்குக் கொண்டு போவல.

இந்தச் சமயத்துலதான் கித்தேரி மக செலஸ்தீனாவுக்கு மேலத்துறையில மாப்பிள்ள அமைஞ்சிது. ஞாயித்துக்கெழம பூசையில மொத ஓலை வாசிக்கணும், இன்னாரு மகளுக்கும் இன்னாரு மகனுக்கும் கல்யாணம், தட இருந்தாச் சொல்லுங்கன்னு. சாமி நோட்டத் தொறந்து வச்சிக்கிட்டு, பேனாவத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, கித்தேரியப் பாத்தாரு.

"உம் புருசன் பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' போடணுமா, வேண்டாமா?"

"பேனா உங்க கையிலதான சாமி இருக்கு?"

"விளையாடாத கித்தேரி. எழுதிட்டாக் கோயில் நோட்டுல ஏறிரும். உசுரோட இருக்கவனக் கொல்லவும் கூடாது, செத்தவன உசுரோட வைக்கவும் கூடாது."

மாப்பிள்ளையோட ஆத்தா தெக்கிலம்மா நல்ல பொம்பளதான், கித்தேரி கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் பேசுனாவ. "சம்மந்தியம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. எங்க வீட்டு ஆம்பளைய கேக்காவ, செத்தவரு மகளா, ஓடுனவரு மகளான்னு. அந்த ஒரு வார்த்த தெரியாம ஓல வாசிக்க விடமாட்டேங்காவ. உங்க ஊருலதான் தொட்டி இருக்கே. ஒரு தரம் கூப்பிட்டா முடிஞ்சிது."

வீட்டுக்கு வந்து செலஸ்தீனா ஆத்தா மடியில தலைய வச்சிக்கிட்டா. "யம்மா, கூப்பிடாதம்மா."

"கூப்பிடாட்டா ஓல இல்ல, மக்கா."

"மீனு வந்துச்சின்னா அதப் பொரிக்கணுமேம்மா."

கித்தேரி மக தலைமுடியக் கோதிவிட்டா. "வராட்டி?"ன்னா.

"வராட்டிக் கொச்சி."

"இல்லாட்டி நரகம்"னா கித்தேரி. ரெண்டு பேரும் சிரிச்சிட்டாவ, சிரிச்சது நிக்கவே இல்ல, பொறவு அது சிரிப்பா இல்ல.

சனிக்கெழம சாயங்காலம் கோயிலு கொள்ளல. மேலத்துறையில இருந்து ரெண்டு வேன்ல வந்திருந்தாவ. கர்வாலோ வீட்டுப் பொம்பளைய கூட மொத வரிசையில. ரொம்ப நாளு கழிச்சி, அடுத்த வீட்டுக்கு வரப்போற கேவலத்தப் பாக்க வந்த மொகம் எல்லாருக்கும். பூனைய வாசல்ல முதுகக் காட்டி உக்காந்திருந்துச்சி. உபதேசியார் மாதாவுல ஆரம்பிச்சி ஒவ்வொருத்தராக் கூப்பிட்டாரு, பதிலு, டொளுக், பதிலு, டொளுக், கண்ணில்லாதது, செறகில்லாதது, தலையில்லாதது, வெந்தது. கடைசிப் பேரும் முடிஞ்சிது. அவரு புஸ்தகத்த மூடுனாரு. "என் வாய்க்கு வரமாட்டேங்கு மக்கா. சின்னப்புள்ளையில இருந்து அவனுக்கு நாந்தான் ஜெபம் சொல்லிக்குடுத்தேன். நீயே கூப்பிடு."

கித்தேரி எந்திரிச்சித் தொட்டிகிட்டப் போனா. மூடி தொறந்திருந்துச்சி. மீனுவ மேல கெடந்து வாய அசைச்சிக்கிட்டிருந்துச்சி, எல்லாம் அவ பக்கமாத் திரும்பி. ஏலக்காரன் குரல்ல கூப்பிடலாமான்னு நெனச்சா, சாமி குரல்ல கூப்பிடலாமான்னு நெனச்சா, ஒரு தொண்டையும் கைகுடுக்கல. அவளோட சொந்தக் குரலு வந்துச்சி. அத ஊரு கேட்டே ரொம்ப நாளாச்சி, மெல்லிசா, கொஞ்சம் திக்கலா, அவ்வளவுதான் அந்தக் குரலு.

"கடலுக்குப் போன சந்தியாகு பர்னாந்து."

முந்நூறு வாய் தொறந்துச்சி. ஓ-ன்னு வட்டமாத் தொறந்துச்சி. தொறந்த வாய்க்குள்ள சத்தம் வரல. கர்வாலோ வீட்டு மூத்த மருமக மொதல்ல கையத் தூக்கித் தன் வாயப் பொத்துனா. பக்கத்துல இருந்தவ அவளப் பாத்துப் பொத்துனா. கள்ளுக்குடியன் பொண்டாட்டி பல்லக் கடிச்சிக்கிட்டா. வேன்ல வந்தவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல, ஆனாலும் சொல்லல. சாமி லேஞ்சியத் தேடுனாரு. உபதேசியார் கண்ண மூடிக்கிட்டாரு. ஊரு பதிலு சொல்லாட்டா எதுவும் வராது, வரவேண்டாம்னு ஊரு முடிவு பண்ணிருச்சி, யாரும் யாருகிட்டயும் கேக்கல. வெளிய கடலு இழுத்து விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சி, தொட்டியில அத்தன மீனும் வாய் அசைக்கத நிப்பாட்டிச்சி.

அந்தச் சும்மா இருந்த நேரம், ஒரு பதிலு சொல்லி முடிக்கிற அளவுக்கு நீண்டுச்சி. முடிஞ்சி அரைத் தாளம் கழிச்சி, கடைசி பெஞ்சுல இருந்து, அடைச்ச தொண்டையில,

"சு."

சனம் கடைசி பெஞ்சத் திரும்பிப் பாக்கல. எல்லாரும் கித்தேரியப் பாத்தாவ, வேற யாரால முடியும் அந்தக் குரலு? கித்தேரி முந்தானைய முழுசாச் சுருட்டி வாயில அடைச்சிருந்தா, கண்ணு ரெண்டும் தண்ணியில கெடந்துச்சி. வாசல்ல பூனைய அத்தனையும் எந்திரிச்சி, மொத மொதலாத் திரும்பி, கோயிலுக்குள்ள பாத்துச்சி, யாருக்கோ வழி விடுறது மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுங்கிச்சி.

கித்தேரி மரமூடியத் தூக்கித் தொட்டி மேல வச்சி, ரெண்டு கையாலயும் அழுத்தி மூடுனா. மூடுறதுக்கு முன்னால யாரும் எட்டிப் பாக்கல. மூடுன பொறவு உள்ள தண்ணி அசைஞ்சிச்சா இல்லையான்னு ஊருல இன்னைக்கும் ரெண்டு கட்சி. அவ முந்தானைய வாயில இருந்து எடுத்தா, சாமியப் பாத்தா, சாமியோட மூக்குக் குரல்லயே சொன்னா:

"'காலஞ்சென்ற' வேண்டாம். 'காலந்தாழ்ந்து வரும் சந்தியாகு பர்னாந்து மகள் செலஸ்தீனா' என்று எழுதவும்."

சாமிக்குத் தானே சொன்ன மாதிரி இருந்துச்சி போல, பேனாவ எடுத்துக் கையோட கொண்டாந்த நோட்டுல எழுதிட்டாரு. எழுதுன பொறவுதான் நிமுந்து பாத்தாரு, எழுதுனத அடிக்க மனசு வரல. தெக்கிலம்மா அவுக வீட்டு ஆம்பளையளப் பாத்தாவ. ஆம்பளைய தரையப் பாத்தாவ. "பிந்தி வர்றவுகளுக்கு ஒரு சாப்பாடு எடுத்து வைக்கணும், வேறென்ன, நம்ம வீட்டுல இல்லாததா?"ன்னாவ தெக்கிலம்மா. ஞாயித்துக்கெழம ஓல அப்படியே வாசிச்சாவ, தட சொல்ல யாரும் எந்திரிக்கல. மூணு ஓலையும் முடிஞ்சி, கல்யாணத்தன்னைக்கி ஒரு தட்டுச் சோறு மூடி வச்சாவ. பக்கத்துல அந்தத் தூக்குவாளி நெறையத் தண்ணி. சாயங்காலம் பாக்கையில தூக்குவாளி காலியா இருந்துச்சி, கழுவித் தொடச்சி மூடி.

கோயில் தொட்டி மூடிய அதுக்கப்புறம் யாரும் தொறக்கல. டொளுக்னு சத்தமும் கேக்கல. ஞானஸ்நானமெல்லாம் இப்ப ஒரு எனாமல் பேசின்லதான். திருநாளைக்கிக் கித்தேரி தலவாணியக் கட்டிக்கிட்டுப் பறங்கிப் பாதிரியா வந்து ஓரா பொரி நோபீசுன்னு கத்துறா, ஊரு உருளுது.

பிரார்த்தன மட்டும் முன்ன மாதிரி வேகமா ஓடுறதில்ல. உபதேசியார் பேரக் கூப்பிடுவாரு, சனம் பதிலு சொல்லி முடிக்கும், முடிச்சிட்டு எல்லாரும் கொஞ்சம் நிப்பாவ. கடைசி பெஞ்சுல இருந்து அந்த "சு" வந்து விழுந்த பொறவுதான் அடுத்த பேரு. சில நாளு உடனே வந்துரும். சில நாளு, காத்து அடிக்க நாளா இருந்தா, ரொம்ப நேரம் ஆவும், இருட்டிக்கிட்டு வரும், முழங்காலு வலிக்கும், எம் புள்ள அழும்பா ஒருத்தி, அடுப்புல ஒல கெடக்கும்பா ஒருத்தி, ஆனா யாரும் எந்திரிக்க மாட்டாவ. எந்தப் பெரிய புனிதரா இருந்தாலும் சரி, அது வர்ற வரைக்கும் பேரு கூப்பிடாமத்தான் நிக்கணும்.